சாம்பல் குறி

அந்தப் பெட்டி இரண்டு சாண் நீளம்தான் இருக்கும். சில்வர் ஓக் பலகையில் ஆசாரி அடித்துக் கொடுத்தது. அடிப்பக்கம் மட்டும் தகரம். தகரத்தில் ஆணியால் குத்திய ஓட்டைகள், ஒரு வட்டமும் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறியுமாக. சலித்த அடுப்புச் சாம்பலை உள்ளே போட்டு, காபிக்கொட்டைக் குவியல் மேல் பிடித்து, உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் வட்டமும் பெருக்கலும் கொட்டை மேல் சாம்பலாக விழும். உச்சியில் ஒன்று, நாலு பக்கமும் நாலு. யாராவது கை வைத்து அள்ளினால் கொட்டை சரிந்து குறி கலைந்துவிடும். திரும்ப அதே மாதிரி போட வேண்டுமானால் அந்தப் பெட்டி வேண்டும். பெட்டி என்னிடம் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஏற்காட்டைத் தாண்டி மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை செய்தோம். இரண்டு பேரும் சேலத்துக் கீழ்நாட்டிலிருந்து கல்யாணமான கையோடு மலை ஏறியவர்கள். அவர் பழத்தின் தோலை உரிக்கும் மெஷினில். நான் களத்தில். உரித்துக் கழுவிய கொட்டை சிமெண்டுக் களத்தில் எட்டு ஒன்பது நாள் காய வேண்டும். அப்படி ஒரு தடவை காயப்போடுவதை ஒரு ஈடு என்போம். காலையில் பரப்புவோம், பலகையால் தள்ளித் தள்ளிக் கிளறுவோம், வெயில் இறங்கியதும் குவிப்போம். மேலே நேராக மூடினால் கொட்டை வியர்த்துவிடும் என்பதால் மூங்கில் நட்டு, அதன் மேல் தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டுவோம். கட்டுவதற்கு முன் நான் குறி போடுவேன். காலை ஏழு மணிக்குத் தார்ப்பாயை அவிழ்ப்பதும் நான்தான். அவிழ்த்து, ஐந்து குறியும் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டரிடம் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் களத்தில் மற்றவர்கள் கால் வைக்கலாம்.

இந்த வேலையை எனக்கு ஏன் கொடுத்தார்கள் என்றால், நான் எதையும் ஒரு தடவை பார்த்ததோடு விடுகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்தடி போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழியில் இன்னொரு தடவை வருவேன். "நீ இழுத்து இழுத்தே அந்தப் பூட்டு ஒரு நாளைக்குக் கையோட வந்துரும். அப்புறம் திருடனுக்கு வேலையே இல்ல போ," என்பார் வீட்டுக்காரர். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தம்பி பிறந்து அம்மா படுத்துவிட்டதால் நின்றது என்று எல்லோரிடமும் சொல்வேன். அதுவும் உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வீட்டில் அடுப்பு அணைந்ததா, தொட்டிலில் பிள்ளை புரண்டதா என்று யோசித்தே எனக்கு ஒன்றும் ஏறவில்லை என்பதும் உண்மை.

ரைட்டரும் என்னைப் போன்றவர், கொஞ்சம் அதிகமாக. எஸ்டேட்டில் முதலாளி எப்போதாவது வருவார். ஆள் எடுப்பது, வேலை பிரிப்பது, வேலைக்காரர்கள் குடியிருக்க லைன் வீடு கொடுப்பது எல்லாம் ரைட்டர்தான். முந்தின வருஷம் களத்திலிருந்து கொட்டை போனது என்று அவருக்கு ஒரு எண்ணம். மஞ்சக்குட்டைக் கடை ஒன்றில் பை பையாகக் கொட்டை விற்கிறார்கள், அது நம் கொட்டை மாதிரியே இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். காபிக்கொட்டை எல்லாம் காபிக்கொட்டை மாதிரிதானே இருக்கும்! ஆனால் அந்த எண்ணம் விழுந்த பிறகு அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மடியையும் கூடையையும்தான் பார்த்தார். இந்தச் சாம்பல் பெட்டி அவருடைய ஊர் வழக்கம். நெல் அடித்துக் குவித்தால் அளக்கும் வரை சாம்பல் குறி போட்டு வைப்பார்களாம்.

"ஏம்மா, குறி கலைஞ்சிருந்தா யாருகிட்டயும் சத்தம் போடக் கூடாது. நேரா எங்கிட்ட வரணும், புரியுதா?" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷத்து முதல் ஈடு குவித்த மறுநாளே குறி கலைந்திருந்தது. ஒரே ஒரு குறிதான், கிழக்குப் பக்கத்துக் குறி. வட்டத்தின் நடுவில் குழி விழுந்து, கொட்டை சரிந்து, சாம்பல் கீழே இறங்கியிருந்தது. நான்தான் சரியாகத் தட்டவில்லையோ, எலியோ, கீரியோ என்று மூன்று தடவை குவியலைச் சுற்றி வந்தேன். எலி ஓடினால் கோடாகத்தான் கலையும். இது கை. ஐந்து விரலும் சேர்ந்து உள்ளே போன இடம் தெரிந்தது.

ரைட்டரிடம் போய்ச் சொன்னேன். வந்து குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு எடுத்திருப்பான்?"

"தெரியலீங்க சார்."

அதுதான் அந்தக் குறியின் வம்பு. கை உள்ளே போனது என்று சொல்லும். ஒரு பிடி போனதா, ஒரு கூடை போனதா என்று சொல்லாது. ரைட்டர் கூடை என்று வைத்துக்கொண்டார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஏழு நாளும் குறி அசையவில்லை. இரண்டாவது ஈடு குவித்தோம், மறுநாள் காலை கலைந்திருந்தது. அதே கிழக்குப் பக்கம். பிறகு ஒன்றும் இல்லை. மூன்றாவது ஈட்டிலும் முதல் நாள் காலைதான்.

"கெட்டிக்காரன்மா. புதுக் குவியல்ல எடுத்தாத்தான் கொறைஞ்சது தெரியாதுன்னு கணக்குப் போட்டு எடுக்கிறான். வெளியாளுக்கு எது புதுக் குவியல், எது பழசுன்னு எப்படித் தெரியும்? இங்கயே கெடக்கிறவன்தான்," என்றார் ரைட்டர்.

களத்தின் கிழக்கு ஓரத்தில் இருந்தது வாட்ச்மேனின் தகரக் கொட்டகை.

அவர் எங்களுக்குப் பக்கத்து லைன் வீடு. ஐம்பதைத் தாண்டியவர். அவரும் கீழ்நாட்டுக்காரர்தான், ஓமலூர்ப் பக்கம். அந்த எஸ்டேட்டில் எங்களுக்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கிறவர். நான் அவரை மாமா என்றும் அவர் சம்சாரத்தை அத்தை என்றும் கூப்பிடுவேன். அத்தைக்கு இளப்பு. பனி இறங்கிவிட்டால் மூச்சு இழுக்கிற சத்தம் சுவரைத் தாண்டி எங்கள் வீட்டில் கேட்கும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு ஈர விறகில் அடுப்புப் பற்றவைக்கத் தெரியாமல் வீடெல்லாம் புகை மண்டும். அப்போது மாமாதான் தன் கொட்டகையில் காய்ந்த சுள்ளி இரண்டு கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டு, "அழுவாத கண்ணு, இந்த மலையில வெறகே அழுவும்," என்று சொல்லிப் போனவர்.

அவரை நான் சந்தேகப்படுவேன் என்று நானே நினைக்கவில்லை. ஆனால் சந்தேகம் என்பது எனக்குப் பூட்டு மாதிரி. ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டால் திரும்பத் திரும்பப் போய் இழுக்கத்தான் தோன்றும். விடிந்து ஆறு மணிக்கு அவர் காவல் முடிந்து வீட்டுக்கு வருவார். நான் வாசல் கூட்டிக்கொண்டிருப்பேன். மூன்றாவது ஈட்டுக்குப் பிறகு அவர் வருவதை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன். கறுப்புக் கம்பளியை முன்பக்கம் இழுத்துப் போர்த்தியிருப்பார். வயிற்றுக்கு நேரே கம்பளி புடைத்துக்கொண்டிருக்கும். இரண்டு கையும் உள்ளேதான். எதையோ தாங்கிப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து நடப்பார். முன்பெல்லாம் இப்படி வருவாரா? யோசித்தேன். நினைவில்லை. நினைவில்லை என்பதே எனக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

"என்னங்க மாமா, குளிரா?" என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"நொம்பக் குளிரு கண்ணு," என்றார். நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அன்றைக்கு முழுக்க அதே யோசனைதான்.

நாலாவது ஈட்டிலும் குறி கலைந்தது. ரைட்டர், "நீ வேற ஏதாச்சும் பார்த்தியாம்மா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அல்லது இரண்டு எட்டு நடந்து மாமாவிடமே கேட்டிருக்கலாம். "கம்பளிக்குள்ள ஏதோ கொண்டுட்டுப் போறாருங்க சார். தெனமும்," என்றேன். தினமும் நான் பார்க்கவில்லை. நாலைந்து நாள் பார்த்தேன். ஆனால் வாயில் தினமும் என்றுதான் வந்தது.

மறுநாள் விடிந்ததும் ரைட்டர் கொட்டகைக்கே வந்துவிட்டார். கூட இரண்டு மேஸ்திரிகள். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்கு முன்னதாகவே என்னையும் வரச் சொல்லியிருந்தார். மழைத்தூறல் மாதிரி பனி. மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"கம்பளிய எடு."

மாமா எங்கள் எல்லோரையும் பார்த்தார். கம்பளியை விலக்கினார். உள்ளே ஒரு மண்சட்டி. சட்டி நிறையச் சாம்பல், சாம்பலுக்குள் சிவப்பாகக் கங்கு. சூடு படாமல் இருக்கச் சட்டிக்கு அடியில் மடித்த சாக்கு.

"கங்குதானுங்க சார். என்ற ஊட்டுக்காரிக்கு இளப்புங்க. ஈர வெறகப் பத்தவெச்சாப் பொகையில மூச்சு நின்னு போவுதுங்க. இங்க காவலுக்கு மூட்டுன தீயில மிஞ்சுனதுதான். இதக் கொண்டுபோய் அடுப்புல போட்டாப் பொகை வராதுங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. முடிந்தது, இனி ரைட்டர் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் தேடி வந்தவருக்கு வெறும் கையோடு திரும்ப மனசு வரவில்லை.

"எஸ்டேட் வெறகு இது. யாரக் கேட்டு எடுத்த?"

"மிஞ்சுன கங்குங்க சார்..."

"இன்னிக்குச் சட்டியில கங்கு. மத்த நாளு சட்டியில என்ன போச்சு? நெருப்பை ஒளிச்சுக் கொண்டுபோறவன் கொட்டையக் கொண்டுபோக மாட்டானா? திருட்டு இல்லைன்னா எதுக்குடா கம்பளிக்குள்ள?"

"தூத்தல் பட்டா அணைஞ்சுரும்ங்க," என்றார் மாமா.

ஒரு மேஸ்திரி சிரித்தார். "நல்லாக் காவல் காத்த போ. சட்டி வெச்சுக் காவல் காத்த," என்றார். அதற்குள் பெரட்டுக்கு ஆள் கூடிவிட்டது. அந்தச் சிரிப்பு வரிசை முழுக்க ஓடியது. அன்றைக்கு மத்தியானத்துக்குள் அவர் பேரே சட்டிக்காரர் என்று ஆகிவிட்டது.

போலீசு இல்லை. வேலை போயிற்று, பொங்கலுக்குள் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதுகிறேன். கீழே அவர்களுக்கு வீடு இல்லை. இருந்ததை மகள் கல்யாணத்துக்கு விற்றாயிற்று. பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது.

அத்தை வேலிப் பக்கம் வந்து நின்றாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினாள்.

"கண்ணு, நீதான குறி போடுற. நீ சொன்னா ரைட்டரு கேப்பாரு. அந்த மனுசன் ஒரு கொட்டைய ஊட்டுக்குள்ள கொண்டுவந்ததில்ல. வேணும்ன்னா உள்ள வந்து பாரு. பானை சட்டியெல்லாம் கவுத்துக் காட்டுறன்."

"அய்யோ, அதெல்லாம் வேண்டாமுங்க அத்தை," என்றேன். சொல்லும்போதே என் கண் அவள் தோளைத் தாண்டி உள்ளே போனது. மூலையில் ஒரு மூட்டை தெரிந்தது. துணியாகத்தான் இருக்கும்.

கம்பளி விஷயத்தை யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. தெரிந்து கேட்கவில்லையா, தெரியாமலா என்று யோசித்து யோசித்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கொட்டகைக்குப் புது ஆள் வந்தான். ரைட்டருக்கு ஒறம்பரை, சொந்தக்காரப் பையன். ஐந்தாவது ஈடு குவித்தோம். நான் குறி போட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தார்ப்பாயை அவிழ்த்தேன்.

கிழக்குப் பக்கத்துக் குறி கலைந்திருந்தது.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, மாமா திருடவில்லை என்று. அடுத்த நிமிஷமே வேறு கணக்கு ஓடியது. வாட்ச்மேன் மாறிவிட்டான். புதியவன் ரைட்டரின் ஆள், அவனைச் சொல்ல மாட்டார்கள். ஆறு மணிக்கு வாட்ச்மேன் போன பிறகு தார்ப்பாயைத் தொடுகிற முதல் ஆள் யார்? நான். குறிப்பெட்டி யாரிடம்? என்னிடம். கலைந்தது என்று நான் போய்ச் சொன்னால் அந்தக் கம்பளியை அவிழ்க்கச் சொன்ன மாதிரி என் முந்தானையை உதறச் சொல்வார்கள். எங்கள் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள்.

சுற்றிலும் பனி. யாரும் இல்லை. குழியைக் கையால் நிரவினேன். பெட்டியை எடுத்தேன். நாலு தட்டு. வட்டமும் பெருக்கலும் அச்சு மாறாமல் விழுந்தன. ரைட்டரிடம் போய், "அஞ்சும் அப்படியே இருக்குதுங்க சார்," என்றேன்.

"பாத்தியா? கைய வெட்டுனதும் களவு நின்னுருச்சு," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் வெகு நேரம் பீடியைப் பற்றவைக்காமல் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"பூட்டுன பூட்டையெல்லாம் போய்ப் போய் இழுத்துப் பாக்கிற. இதை மட்டும் பாக்காமப் பூட்டிட்டு வந்துட்ட," என்றார். பிறகு, "அடுத்த ஈடு எப்ப?" என்று கேட்டார்.

"எட்டு நாளாவும்."

"புதுக் குவியல்தான அவனுக்கு வேணும்? அன்னிக்கு நீ முன்னாடியே போய் ஒக்காரு. நானும் மெசின் ரூமுல இருக்கறன்."

அந்த எட்டு நாளும் நான் பார்த்த எல்லோரும் எனக்குத் திருடராகத் தெரிந்தார்கள். புது வாட்ச்மேனின் வேட்டி மடிப்பு, மேஸ்திரியின் குடை, வாழவந்திப் பக்கமிருந்து வரும் மலைக்காரப் பெண்களின் தூக்குப் பாத்திரம், ரைட்டரின் தோல் பை கூட. பக்கத்து வீட்டில் அத்தை இருமும்போது மட்டும் நான் யாரையும் சந்தேகப்படவில்லை. அப்போது எனக்கு என்னைத் தெரியும்.

ஆறாவது ஈடு குவித்த மறுநாள், ஆறு மணிக்கெல்லாம் கொட்டை கழுவும் தொட்டிக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தேன். புது வாட்ச்மேன் கொட்டாவி விட்டுக்கொண்டே போனான். அவன் மடியைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பனிதான் அசைந்தது. பிறகு மேட்டுப் பாதையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். எனக்குத் தெரிந்தவள்தான். மலைக்காரி, நாற்பது வயது இருக்கும். மேலே சொந்தமாகக் கொஞ்சம் சாமைக்காடு உண்டு. பழம் எடுக்கும் காலத்தில் மட்டும் கூலிக்கு வருவாள். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள் என்பது எங்களுக்குத் தெரியும். எதற்கு முன்னால் வருகிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

தூக்கைத் திட்டில் வைத்தாள். கிழக்குப் பக்கம் போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள். குனிந்து, குறியின் நடுவில் வலது கையைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். திருடுகிறவள் என்றால் சுற்றிப் பார்ப்பாள். இவள் பார்க்கவில்லை. தார்ப்பாயை ஒழுங்காக இறக்கிவிட்டு, களத்து மூலையில் இருந்த பலாமரத்தடிக்குப் போனாள். அங்கே ஒரு கல் இருந்தது. நாங்கள் அதை வெறும் கல் என்றுதான் நினைத்திருந்தோம். கல்லுக்கு முன்னால் கொட்டையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

நான் எழுந்து போனேன்.

"என்னங்க பண்ணுறீங்க?"

அவள் திடுக்கிடவில்லை. "வா கண்ணு. இன்னிக்கு நீயே எடுக்கலாம்ன்னு வந்தியா? நான் எடுத்து வெச்சுட்டேனே," என்றாள்.

"என்னத்த?"

"சாமிக்குத்தான். நீ நல்லாத்தான் குறி போடுற. எங்க காட்டுலயும் சாமை அடிச்சுக் குவிச்சாச் சாம்பல்லதான் போடுவோம். போட்டா மறுநாளு, குவியல்ல யாரு கையும் படறதுக்கு முன்னால, பொழுது மொளைக்கிற பக்கத்துக் குறியில இருந்து ஒரு கை சாமிக்கு எடுத்து வெக்கோணும். நீங்க குறி மட்டும் போட்டீங்க, எடுக்கவே இல்ல. மொத ஈட்டுலயே பாத்தேன். கீழ்நாட்டுக்காரங்க, மறந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு நானே எடுத்து வெச்சேன். எடுக்காம உட்டாக் குவியலுக்கு ஆகாதல்ல?"

"ஒவ்வொரு ஈட்டுக்குமா?"

"ஈட்டுக்கு ஒருக்காத்தான. தெனமும் எடுத்தாச் சாமிக்கே பேராசைன்னு ஆயிராது?" என்று சிரித்தாள்.

கல்லின் அடியில் பார்த்தேன். ஆறு ஈட்டுக் கொட்டையும் அங்கேதான் கிடந்தது. பழையது பனியில் கறுத்து, எலி கடித்த தோலாக. அன்றையது வெளுப்பாக. எல்லாம் சேர்த்து ஒரு படி கூட வராது. அப்போதும் என் கண் அவள் மடியை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்.

"அதுக்குத்தானுங்க வாட்ச்மேனைத் திருடன்னு ஊட்டக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க," என்றேன்.

"மூட்டையத் தூக்கிட்டாருன்னுல்ல சொன்னாங்க?" அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த ஒரு கைக்கா? எங்கிட்டக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே. எங்கூட வாரவங்க அத்தனை பேருக்கும் தெரியுமே."

கேட்கவில்லை. ரைட்டர் கேட்கவில்லை, நான் கேட்கவில்லை. திருடன் யார் என்றுதான் ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, குறி ஏன் கலைந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெரட்டுக்கு ஆள் கூடியதும் நான் ரைட்டர் முன்னால் போய் நின்றேன். வீட்டுக்காரர் மெஷின் ரூமிலிருந்து வந்து என் பின்னால் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தாவது ஈட்டையும் சொன்னேன்.

"அஞ்சாவதுல குறி கலையலன்னு நீதானம்மா சொன்ன?"

"பொய்யிங்க சார். நாந்தான் மறுபடியும் போட்டேன்."

"ஓகோ. பெட்டியக் கையில குடுத்தா நீ இந்த வேலையும் பார்ப்ப. அப்ப அள்ளுனதும் நீயா இருக்கலாமில்ல?"

இதற்குத்தான் நான் பயந்திருந்தேன். வார்த்தை மாறாமல் அப்படியே வந்தது. மலைக்காரி வரிசையைவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைய எதுக்குங்க? நாந்தாங்க எடுத்தேன். கல்லுக்கிட்ட கெடக்குது. போய்ப் பாருங்க."

ரைட்டர் போய்ப் பார்த்தார். காலால் கொட்டையைத் தள்ளினார். திரும்பி வந்து, "சாமி பேரைச் சொல்லிட்டா ஆச்சா? இங்க ஒரு கை போட்டுட்டு எத்தனை கூடை ஊட்டுக்குப் போச்சோ, யாரு கண்டா?" என்றார்.

அவள் தூக்கை எடுத்துக்கொண்டாள். அவளோடு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும், யாரும் யாரையும் பார்க்காமல், தங்கள் தூக்கை எடுத்துக்கொண்டார்கள்.

"அப்ப நாங்க போயிட்டு வாரோமுங்க," என்றாள் ஒருத்தி, விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவள் மாதிரி.

செடியில் பழம் பழுத்துக் கறுத்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் விட்டால் உதிர்ந்துவிடும். ரைட்டர் மலைச்சரிவைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னா! கூடைய எடுங்க, கூடைய எடுங்க, நேரமாச்சு," என்றார்.

அவர்கள் பன்னிரண்டு பேர். மாமா ஒற்றை ஆள். அவருக்காகத் தூக்கை எடுத்துக்கொண்டு நடக்க அன்றைக்கு யாரும் இல்லை. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

ரைட்டர் மாமாவிடம் நேரில் பேசவில்லை. "அந்தாளை இன்னிக்கு டூட்டிக்கு வரச் சொல்லு," என்று என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் போனபோது அவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். அத்தை உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். மாமா கட்டிக்கொண்டிருந்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, "சாமிக்கா எடுத்துச்சு அந்தப் புள்ள?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டினார்.

"மாமா, கம்பளி விசயத்த..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் கண்ணு," என்றார்.

குறி போடுவது நிற்கவில்லை. அடுத்த ஈட்டிலிருந்து, முதல் நாள் காலை தார்ப்பாயை அவிழ்த்ததும் எல்லோர் முன்னாலும் அந்தப் பெண் ஒரு பிடி எடுப்பாள். ரைட்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். பெட்டியை என்னிடமிருந்து வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார். எனக்கும் அது நிம்மதிதான்.

ஆனால் காலைகள் நிம்மதியாக இல்லை. மாமா காவலுக்குத் திரும்பிய மறுநாள், ஆறு மணிக்கு நான் வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் வந்தார். தன் வீட்டுக்குத் திரும்பாமல் நேராக என் வாசலில் வந்து நின்றார். கம்பளியை இரண்டு பக்கமும் விரித்தார். சட்டி, சாம்பல், கங்கு. அடியில் இருந்த சாக்கையும் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். நான் பார்த்த பிறகு கம்பளியை மூடிக்கொண்டு போனார்.

அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

"வேண்டாமுங்க மாமா, எனக்கெதுக்குங்க?" என்று ஒரு நாள் அழுதே விட்டேன்.

"இருக்கட்டும் கண்ணு, பாத்துக்க," என்றார். குரலில் கோபம் இல்லை. முன்பு சுள்ளி கொண்டுவந்து போட்டபோது பேசிய அதே குரல்.

சில நாள் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்து பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமிவிட்டுக் காத்திருப்பார். கங்கு அணைந்துவிட்டால் அங்கே அத்தைக்குப் புகை. திறக்க வேண்டியதாகிவிடும். நாங்கள் அந்த எஸ்டேட்டை விட்டு இறங்கும் வரை, இன்னும் நாலு பருவம், பனிக்காலம் முழுக்க இது நடந்தது.

அந்தத் தினங்களில் ஒரு நாளாவது நான் பார்க்காமல் தலையைக் குனிந்திருக்கலாம். முடியவில்லை. அவர் கம்பளியை விரித்ததும் என் கண் சட்டிக்குள் போய்விடும், கங்கு மட்டும்தானா என்று.